மெட்ராஸ் கடைக்காரர்

திருப்பதித் தொழிற்கண்காட்சி முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. மாலையில் நகரி பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் ஒரு விசைத்தறிக்காரரும் அவர் மனைவியும் துண்டு மூட்டையோடு நின்றார்கள்.

“நான்தான் மெட்ராஸ் கடைக்காரன்னு வச்சிக்க. பேசு,” என்றாள் மனைவி.

“எனக்கு வெக்கமா கீது.”

“இன்னிக்கு பூரா ஸ்டால்ல வாய மூடிக்கினே நின்ன. நாளைக்கும் ஆர்டர் வரலன்னா தறிய நிறுத்தணும். பேசுய்யா.”

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். “வணக்கம் சார். எங்க துண்டு…” மேலே வார்த்தை வரவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். “காலைலேர்ந்து நின்னுக்கினே கீறீங்க. எதனா சாப்ட்டீங்களா சார்?”



“இல்ல,” என்றாள். “நூறு துண்டு எழுதிக்க. நாளைக்கு வர்ற கடைக்காரங்களயும் மொதல்ல இதையே கேளு.”

அவர் அதற்குள் வாழைப்பழ வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.