நாலு டிகிரி

இல்லம்மா, திரும்பத் திரும்ப ஃப்ரிட்ஜ் கதவத் தொறந்து பாக்காத. தொறக்கத் தொறக்க இருக்குற கொஞ்சநஞ்சக் குளிரும் போயிரும். மூடு. மூடிட்டு வெளிய வா, இந்த ஸ்க்ரூடிரைவரப் புடி. எம் பேரு நொலீன். அதோ, அந்த யூகலிப்டஸ் மரத்தடியில நிக்குதே வெள்ளை வேன், அது எங்களோடது. பக்கத்துல நாற்காலில உக்காந்து கை ஆட்டறாரு பாரு, அவருதான் என் வீட்டுக்காரர் கிளைவ். நீயும் ஆட்டிரு. ஆட்டலன்னா விடமாட்டாரு, ஆட்டிக்கிட்டே இருப்பாரு.

உம் பேரு? டாலியாவா. அவன் பேரு எனக்குத் தெரியும், ப்ரோடி. காலையில மூணு தடவ கத்தினியே, வேணாம் ப்ரோடி, வேணாம் ப்ரோடின்னு. இங்க நம்மள மாதிரி வேன்லயே குடியிருக்குறவங்க வண்டி பதினொண்ணு நிக்குது, எல்லாருக்கும் கேட்டுது. கேட்டுட்டு என்ன பண்ணினாங்க? ரேடியோவ சத்தமா வெச்சாங்க. நான் மட்டும் என்ன கிழிச்சேன், உக்காந்து டீ குடிச்சிட்டுதான் இருந்தேன். அவன் பைக்க எடுத்துக்கிட்டு ஐஸ் வாங்கக் கெளம்பினப்பறம் வந்தேன். கடைக்குப் போயிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். செம்மண் ரோடு வேற. பைக் கண்ணுக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே தூசி தெரியும். நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே இருக்கேன், நீ பயப்படாத.

தலைமுடில இன்னும் பால் இருக்கு பாரு. அட, பரவால்ல, அப்பறம் கழுவிக்கலாம். அவன் ஊத்தினது திரிஞ்ச பாலு, நாத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது. எனக்குத் தெரியும்.

மொதல்ல கேஸ மூடு. ம், அந்தக் குமிழு. இது கேஸ் ஃப்ரிட்ஜ் கண்ணு, வீட்டுல இருக்குற மாதிரி இல்ல. மோட்டார் கெடையாது. பின்னாடி சின்னதா ஒரு தீ எரியும், அந்தச் சூட்டுலதான் உள்ள குளிரும். ஆமா, கிறுக்குத்தனமாத்தான் இருக்கும் கேக்க. ஆனா அப்படித்தான். வேனோட வெளிச்சுவர்ல ஃப்ரிட்ஜுக்குன்னு கீழ ஒரு காத்து ஜன்னல், மேல ஒரு ஜன்னல். கீழ காத்து உள்ள வரணும், பின்னாடி இருக்குற குழாயெல்லாம் தடவிக்கிட்டு மேல போகணும், சூட்டத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடணும். அந்த வழி அடைஞ்சுதுன்னா நீ என்ன தலகீழா நின்னாலும் உள்ள வெச்சது அழுகிரும்.

கீழ ஒண்ணுமில்ல, குளவி கொஞ்சம் மண்ணு வெச்சிருக்கு, அவ்வளவுதான். இப்ப மேல பாப்போம். அந்த ஸ்டூலக் குடு.

இதோ. இதப் பாரு. வெள்ளி டேப்.

யாரு ஒட்டினது? அவனா. ம். ஒட்டுறது தப்பு இல்ல. மண் ரோட்டுல வர்ற எல்லாரும் ஒட்டுவாங்க, இல்லாட்டி வண்டிக்குள்ள பூரா செம்மண்ணு. கேஸ அணச்சு, ரெண்டு ஜன்னலையும் டேப் போட்டு மூடி, ஓட்டிட்டு வரணும். வந்து நிறுத்தின உடனே பிச்சுட்டுத்தான் பத்த வைக்கணும். கீழ இருந்தத நீ பிச்சுட்ட. மேல இருந்தது உனக்கு எட்டல, மறந்தும் போச்சு. பிக்கிறது உன் வேலையாம்? யாரு சொன்னா? அதானே. எல்லா வேன்லயும் இதே சட்டந்தான். அவரு ஓட்டுவாரு, நாம பின்னாடி நின்னு ரிவர்ஸுக்குக் கை காட்டணும். மரத்துல இடிச்சா கை காட்டினவ தப்பு. அவரு ஒட்டுவாரு, நாம பிக்கணும். ஃப்ரிட்ஜ் கெட்டா பிக்காதவ தப்பு. நல்லவேள, இத இப்படியே எரியவிட்டு படுக்கப் பக்கத்து ஜன்னலச் சாத்திக்கிட்டுத் தூங்கியிருந்தீங்கன்னா, வெளிய போகாத வெஷப்பொகையில ரெண்டு பேரும் எந்திரிச்சிருக்கவே மாட்டீங்க.

தொடாத, தொடாத! உள்ள தகரம் கொதிக்கும். இங்க பாரு என் கைய. மூணு கோடு இருக்கா? நேரா, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி. இதே தகரம்தான். நானும் ஒரு தடவ டேப்பப் பிக்க மறந்துட்டேன். வின்டன் பக்கம், ஒரு ஓடக்கரையில. எவ்வளவு சூடுன்னு தெரியுமாடி உனக்குன்னு கேட்டுக்கிட்டே கிளைவ் என் கைய அதுமேல வெச்சு அமுக்கினாரு. பத்து வரைக்கும் எண்ணினாரு. நிதானமா எண்ணினாரு. தோலு வேகுற வாசன இருக்கே, அது வேற மாதிரி கண்ணு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு மாட்டுக்கறி சுட்டேன், வாயில வைக்க முடியல. இன்னிவரைக்கும் முடியல.

அழாத. அந்த ஸ்க்ரூவ எடு.

கிளைவ் மவுண்ட் ஐசா சுரங்கத்துல இருந்தவரு. வீட்டுல இருந்த காலத்துலயும் கை நீளும்தான், ஆனா அடுத்த ரூமுக்கு ஓடி கதவச் சாத்திக்கலாம். ரிடயர் ஆனதும் வீட்ட வித்துட்டு வேன் வாங்கினாரு. வேன்ல எங்க ஓடுறது? நடக்குற எடமே ரெண்டடிதான். அடி விழுந்தா சாயறதுக்கே எடம் கெடையாது, நின்னபடியே வாங்கணும்.

அதனாலதான் இந்த ஃப்ரிட்ஜ் வித்தையெல்லாம் கத்துக்கிட்டேன். ஆசையில கத்துக்கல, பயத்துல. உள்ள குளிர்ந்தா என் உடம்பு தப்பிக்கும்னு நெனச்சேன். ஃப்ரிட்ஜோட வந்த புஸ்தகத்தக் கக்கூஸ்ல ஒளிச்சு வெச்சுப் படிச்சேன். எங்க நின்னாலும் வேன ஃப்ரிட்ஜ் பக்கம் நெழலு விழுற மாதிரி நிறுத்தச் சொன்னேன். எனக்கே ஓட்டச் சொல்லிக் குடுக்கறியான்னு செவுள்ல ஒண்ணு. இந்தக் காது அன்னிக்குப் போனதுதான், அதான் நீ பேசறப்ப தலையத் திருப்பித் திருப்பிக் கேக்கறேன்.

அப்பறம் தகடு. இங்க உள்ள எட்டிப் பாரு, ஃப்ரிட்ஜுக்கும் வேன் சுவருக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்கு? இவ்வளவு எடம் இருந்தா காத்து சோம்பேறி மாதிரி ஓரமாவே போயிரும், சூட்டுக் குழாய்கிட்டயே வராது. ஒரு அலுமினியத் தகட வளைச்சு வெச்சு அதக் குழாய் பக்கமாத் தள்ளணும். இதக் கண்டுபுடிக்கறதுக்குள்ள ஒரு கோடை. நாப்பத்தாறு டிகிரி. சாசேஜ் பூரா கெட்டுப் போச்சு. வாணலியத் தூக்கி மூஞ்சில எறிஞ்சாரு, முன்பல்லு ரெண்டு. இது கட்டின பல்லு, தெரியுதா?

அப்பறம் ஃபேன். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டினது, உள்ளங்கை அகலம்தான். மேல ஜன்னல்ல வைக்கணும், சூட்ட வெளிய தள்ளுற மாதிரி. நான் மொதல்ல திருப்பி வெச்சுட்டேன், சூட்ட உள்ள ஊதிருச்சு. என் தப்புதான் அது. அதுக்கு விலா எலும்பு. மடக்கு மேசையோட கால உருவி அடிச்சான். எண்ணி ஆறு அடி. ஆறாவதுல மேசக்காலு வளைஞ்சு போச்சு, அதுக்கும் என்னையே திட்டினான்.

என்ன சொன்ன? ம்ம். இது சரியாயிட்டா ப்ரோடியும் சரியாயிருவானா. வெயில்லதான் அவனுக்கு இப்படி ஆகுதா. மத்தபடி நல்லவனா.

உக்காரு. சும்மா இந்தப் படில உக்காரு கண்ணு. நான் சொல்றதக் கேளு.

ஒருநாள் எல்லாம் கூடி வந்துது. தகடு வெச்சாச்சு, ஃபேனச் சரியாத் திருப்பி மாட்டியாச்சு, டேப்பப் பிச்சாச்சு, வண்டி நெழல்ல நிக்குது. வெளிய நாப்பத்தி மூணு. நான் தெர்மாமீட்டர உள்ள வெச்சு எடுத்துப் பாத்தேன். நாலு டிகிரி. கேஸ் ஃப்ரிட்ஜ்ல, அந்த வெயில்ல, நாலு டிகிரி! எனக்கு அழுகையே வந்துருச்சு. இனிமே அடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சேன். பீர் டின்ன எடுத்து கிளைவ் கையில குடுத்துட்டு, பாராட்டுவான்னு பைத்தியக்காரி மாதிரி நின்னேன்.

ஒரு வாய் குடிச்சான். பல்லு கூசுதாம். இவ்வளவு சில்லுனு எவளாவது குடுப்பாளான்னான். பக்கத்துல தொறக்காத டின் இன்னொண்ணு இருந்துது, அதால நெத்தியில அடிச்சான். ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது, நான் இன்னும் அந்த தெர்மாமீட்டரப் புடிச்சுக்கிட்டே நிக்கறேன்.

அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. ஃப்ரிட்ஜுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் குளிருக்கு நான் காதக் குடுத்தேன், பல்லக் குடுத்தேன், எலும்பக் குடுத்தேன். இருபது டிகிரில இருந்தாலும் அடிப்பான், நாலுல இருந்தாலும் அடிப்பான். உன் ப்ரோடிக்கு நாளைக்கே இந்தப் பால் தேன் மாதிரி இருக்கட்டும், கப்பு சரியில்லம்பான். எம் பேச்ச நம்பு. இதுல நான் பெரிய படிப்பு படிச்சவ.

ஒரு பையில ரெண்டு துணி எடுத்துக்க. உன் லைசென்ஸு, பேங்க் கார்டு, மறக்காத. எங்க வேன்ல ஒரு படுக்க சும்மாத்தான் கெடக்கு. நான்தான் ஓட்டறேன், ரிவர்ஸும் நானே எடுப்பேன், கை காட்ட ஒருத்தரும் வேணாம். லாங்ரீச் வரைக்கும் கொண்டு விடறேன். அங்க போலீஸ் ஸ்டேஷன் இருக்கு, பஸ் இருக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போறியோ எங்க போறியோ.

கிளைவா? சே, அவரு இப்ப ஒண்ணும் பண்ணமாட்டாரு. பேச்சு கெடையாது, வலது பக்கம் பூரா விழுந்துருச்சு. ஸ்பூன்லதான் ஊட்டறேன். ஆறு வருஷம் ஆச்சு. எங்க போனாலும் சொல்வாங்க, நொலீன் மாதிரி ஒரு பொண்டாட்டி கெடைக்குமா, ஹோம்ல விடாமக் கூடவே வெச்சுப் பாத்துக்கறாளேன்னு.

ஏணிலேர்ந்து விழுந்தாரு. அதே நாள்தான், அந்த நாலு டிகிரி நாள். உன் ஃபேன நான் என்ன பண்றேன் பாருடின்னு ஸ்க்ரூடிரைவர எடுத்துக்கிட்டு வேன் கூரைக்கு ஏணி போட்டான். கூரை மேலயும் எங்களுக்கு ஒரு காத்து வழி இருக்கு, நான் ஃபேன அங்க மாத்தியிருந்தேன். ஏணியப் புடிடின்னான். புடிச்சேன். மொத ஸ்க்ரூ என் கால்கிட்ட விழுந்துது. ரெண்டாவது விழுந்துது. கண்ணுல ரத்தம், தொடைக்கக் கையில்ல. மூணாவது விழுந்தப்ப நானே ஏணிய இழுத்துட்டேன்.

ஆமா, இழுத்தேன். பாவம், அவ்வளவு பெரிய ஆளு, இவளால எப்படித் தாங்க முடியும், கை நழுவிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. விசாரிக்க வந்த போலீஸ்காரரே எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு. நழுவல கண்ணு. ரெண்டு கையாலயும் இழுத்தேன். நீயும் அந்த ஏணிகிட்ட வந்து நிக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பேசறேன். நின்னா நீயும் இழுத்துருவ. அப்பறம் காலம்பூரா ஸ்பூன் புடிக்கணும்.

அதோ, தூசி தெரியுது. சீக்கிரமா வந்துட்டான். ஓடு, பைய எடு, செருப்பு கெடக்கட்டும், என்னோடதப் போட்டுக்கலாம். அவர ஏத்த எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

பாரு, மறுபடி அந்த எடது கையத் தூக்கிட்டாரு. ஒரு வெரல் மட்டும் நீட்டியிருக்கும், கவனிச்சியா? என்னைத்தான் காட்டறாரு. ஆறு வருஷமா, பாக்கற ஒவ்வொரு ஆள்கிட்டயும். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கை ஆட்டிட்டுப் போயிருவாங்க. வா, வா, ஏறு.