வெளியே வராத மாதேஸ்வரி

...சட்டம், தண்டனைன்னு நான் பேசிக்கிட்டே போனா உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? பின்னாடி நிக்கிற அண்ணன்மாரும் கொஞ்சம் முன்னாடி வாங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தர்மபுரிப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு ஊரு. அங்க மாதேஸ்வரின்னு ஒரு பொண்ணு, ஒன்பதாங் கிளாஸ். வயசுக்கு வந்துட்டா. அந்த ஊரு வழக்கம் என்ன? தாய்மாமன் வந்து பச்சை ஓலையில குடிசை கட்டணும். பொண்ணு அதுக்குள்ளதான் இருக்கணும். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அவளை யாரும் தொடக்கூடாது, உள்ள கால் வைக்கக்கூடாது... தீட்டு! அந்த நாள்ல தாய்மாமன் கூப்பிடணும், அவளா வெளிய வரணும், அப்புறம்தான் தண்ணி.

மாமன் பேரு திம்மராயன், லாரி டிரைவர். குடிசையைக் கட்டின கையோட சொல்றான்: "அக்கா, தண்ணி ஊத்துற அன்னைக்கே பரிசம் போட்டுடலாம். வர்ற முகூர்த்தத்துல தாலி கட்டிடறேன்."

"உனக்கில்லாத பொண்ணாடா!"

முடிஞ்சுபோச்சு! உள்ள இருக்கிற பொண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? யாரு கேப்பா!

ஆனா பாருங்க... ஸ்கூல் விட்டதும் அவ கிளாஸ் பொண்ணுங்க தேடிக்கிட்டு வந்தாங்க. தொடத்தானே கூடாது? ஓலைக்கு இந்தப் பக்கம் உக்காந்து, அன்னைக்கு நடந்த பாடத்தைச் சத்தமா படிச்சாங்க. உள்ளருந்து அவ திருப்பிச் சொல்றா! தெனமும் இதே கூத்து. அவங்கம்மாகூட சிரிச்சுக்கிட்டே டீ போட்டுக் குடுத்தா.

ஒரு நாள் உள்ளருந்து பாடம் வரல... அழுகை வந்துச்சு. "பவித்ரா... எனக்குக் கல்யாணம்டி."

வெளிய இருந்த அந்த பவித்ரா, இத்தனூண்டு பொண்ணு, புத்தகத்தைத் திறந்தா. பதினெட்டு வயசுக்கு முன்னாடி ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் பண்றது குத்தம்னு இருக்கிற பாடத்தை எடுத்தா. தெருக்கோடி வரைக்கும் கேக்கிற மாதிரி படிச்சா! உள்ளருந்து மாதேஸ்வரி திருப்பிச் சொன்னா. மொதல்ல மெதுவா... அப்புறம் சத்தமா.

தண்ணி ஊத்துற நாள். பந்தல், மேளம், சொந்தபந்தம். திம்மராயன் பட்டு வேட்டியில வந்து நிக்கிறான். கையில பரிசத் தட்டு.

"மாதேசு... வெளிய வாம்மா!"

"வரமாட்டேன் மாமா."

மேளம் நின்னுபோச்சு. அம்மாக்காரி ஓடி வர்றா. "ஏன்டி மானத்தை வாங்குற? வாடி வெளிய!"

உள்ளருந்து குரல் வருது... "மாமாவா வந்திருந்தா இப்பவே வர்றேன். மாப்பிள்ளையா வந்திருந்தா... இங்கயே உக்காந்து பத்தாவதும் படிச்சுக்கறேன்."

கேட்டீங்களா! பதினாலு வயசுப் பொண்ணு! சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது. மீசையை முறுக்கிக்கிட்டு அத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்க. ஒருத்தனாவது உள்ள போய் இழுக்க முடியுமா? முடியாது! தீட்டு! யாரு போட்ட கட்டு? அவங்களே போட்ட கட்டு! அந்தக் கட்டை எடுத்து அந்தப் பொண்ணு கேடயமா புடிச்சுட்டா. இந்த யோசனை நமக்கு வருமா? எனக்கு வந்திருக்காது.

ஓலைக்குப் பக்கத்துல யூனிபார்ம் போட்ட பொண்ணுங்க அதே பாடத்தை மறுபடி படிக்க ஆரம்பிச்சிட்டாங்க. திம்மராயன் தட்டை அக்கா கையில குடுத்தான். "இதை வீட்டுக்குள்ள கொண்டுபோய் வை." அப்புறம் குடிசையைப் பார்த்து, "மாமாவாத்தான்மா வந்திருக்கேன்... வா."

வந்தா! தலை நிமிந்து வந்தா!

அம்மாமாருங்களே... அந்தத் தைரியத்தை யாரு குடுத்தா? ஓலையா? ஓலை இழுத்தா கிழியும். பாடம் குடுத்துச்சு. பாடத்தை வாசல் வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்த பிள்ளைங்க குடுத்தாங்க. பொண்ணு படிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும், அவளைக் காணோம்னா தேடுறதுக்கு ஒரு கிளாஸே இருக்கு. படிப்பை நிறுத்திட்டா? கேக்க நாதியில்ல.

அதனால... நாளைக்குக் காலையில உங்க தெருவுல ஒரு பொண்ணு பையை மாட்டிக்கிட்டுப் போகலைன்னா, நமக்கென்னன்னு சும்மா இருக்காதீங்க. போய்க் கதவைத் தட்டுங்க. "எங்கேம்மா உன் பொண்ணு?"ன்னு கேளுங்க. அவ முகத்தைப் பார்க்காம அந்த வாசலை விட்டு நகராதீங்க!