மழைக்கு முன் மூடிவிட்டேன்

துணிக் கூரை போட்ட காரைத் திறந்தவெளியில் நிறுத்தக் கூடாது என்று சொல்பவர்களுக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தாராளமாக நிறுத்தலாம். வேலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மைனா எச்சம் விழுந்தால் தேய்க்கக் கூடாது. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு, பிறகு ஒற்றி எடுக்க வேண்டும். மரத்துப் பிசினை நகத்தால் சுரண்டினால் துணியின் நூல் கிளம்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஒட்டாத மருந்து அடிக்க வேண்டும். முக்கியமானது உறை. கூரை நனைந்த பிறகு உறை போட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அதனால் எப்போதும் மழைக்கு முன் மூட வேண்டும். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம் மேடம். பின்னால் தேவைப்படும்.

என் பெயர் தனசேகரன். வயது அறுபத்தொன்று. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரி. விபத்து நடந்தால் காரணம் யார் என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது என் வேலை. நான் எழுதிய அறிக்கை எதையும் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. ஓய்வு பெற்றதும் இந்தக் காரை வாங்கினேன். இரண்டே இருக்கை, கறுப்புத் துணிக் கூரை. பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கூரை போட்ட கார் நிறுத்துமிடம் கிடையாது. தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழேதான் நிறுத்தினேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கூரையின் முன்பக்க ஓரத்தில் ஓர் ஓட்டை பார்த்தேன். மிளகு அளவுதான். விளிம்பு கருகியிருந்தது. நெருப்பு. தலையை நிமிர்த்தினேன். நான்காவது மாடித் தாழ்வாரத்தில், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சவரிராஜ் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

சவரிராஜ் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். மனைவி இல்லை. மகள் கிம்பர்லியோடு இருந்தார். என்னைவிட ஐந்து வயது பெரியவர், இருபது வருடப் பழக்கம். அதனால் நேரில் போய்த்தான் கேட்டேன்.

"சவரிண்ணே, மேலேருந்து சிகரெட்டத் தட்டாதீங்க. கூரை ஓட்டையாயிடுச்சு."

"நானா? நான் மைலோ டின்லதான் போடுறேன் லா. வேணும்னா வந்து மோந்து பாரு."

"அப்புறம் எப்படி நெருப்பு விழும்?"

"எனக்கென்னப்பா தெரியும்? ராத்திரி பகல்னு அதுக்குப் போர்வை போத்தி விடுற. பேசாம அதுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கட்டி வச்சிரு. அவன் பார்த்துக்குவான்."

அவர் சிரித்தார். பக்கத்து வீட்டு ஷமீமாவும் சிரித்தாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது ஓட்டை ஏப்ரலில். அதுவும் சனிக்கிழமை காலையில்தான் கண்ணில் பட்டது. நகர மன்றத்துக்குப் படங்களோடு அறிக்கை அனுப்பினேன். லிப்ட் பக்கத்தில், இதயம் நின்றால் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருக்கிறார்களே, அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். பெயர் போடவில்லை. சிகரெட் நெருப்பைக் கீழே தட்டுவது நான்காவது மாடி, மூலை வீடு என்று மட்டும் போட்டேன். அதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை.

நகர மன்றத்தார் காருக்கு எதிரே கேமரா வைத்து, மேலிருந்து சிகரெட் விழுகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் அதற்குள் புளோக்கில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். சவரிராஜ் ஏறினால் சிலர் அடுத்த லிப்ட்டுக்குக் காத்திருந்தார்கள். குழந்தைகள் அவரைப் பார்த்துச் சிகரெட் ஊதுவதுபோல நடித்துக் காட்டினார்கள். ஒரு நல்ல அறிக்கை வேலை செய்யும் விதம் அது.

இப்போது நீங்கள் கேட்க நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் நானும் என் மனைவி சரஸ்வதியும் காரில் லிட்டில் இந்தியா போவோம். சிராங்கூன் ரோட்டில் பூ, எலுமிச்சம்பழம், ஊதுபத்தி வாங்குவோம். கோவில் முடிந்து வீடு திரும்பியதும் காருக்குப் பூ வைப்பேன். மூன்று ஊதுபத்தி கொளுத்திச் சுற்றிக் காட்டி, முன் கண்ணாடியும் கூரையும் சேரும் இடுக்கில் செருகிவிடுவேன். அது அணைந்த பிறகு வந்து உறை போடுவேன். பழைய லாரியில் என் அப்பா அப்படித்தான் செய்தார். அதற்குத் தகரக் கூரை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்றேன். காற்று அடித்தது. ஊதுபத்தியின் நுனி உடைந்து சிவப்பாகக் கூரையில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி உருகி வட்டமாக விலகியது. மிளகு அளவுதான்.

அன்றைக்கே தெரிந்துவிட்டது மேடம். தெரியாது என்று நான் எப்போதும் சொல்லவில்லை. ஆனால் அறிக்கை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு புளோக் முழுவதும் நம்பியதை, ஊதுபத்தி விஷயத்துக்காகக் கலைத்துப் போடுவது பொறுப்பான செயல் இல்லை. அவர் சிகரெட் பிடித்தது உண்மைதானே. இன்று விழவில்லை என்றால் நாளை விழுந்திருக்கும். மூன்றாவது ஓட்டையையும் படம் எடுத்து அனுப்பினேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி. காலையில் மருந்து அடித்து, கூரை நன்றாகக் காய்ந்திருந்தது. கிழக்கே வானம் கறுத்துவிட்டது. உறையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சவரிராஜ் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் போன்.

"சேகர், கோவிச்சுக்காத. இதப் பாரு."

வீடியோ. மேலிருந்து எடுத்தது. கார், ஊதுபத்தி, நுனி விழுவது, நான் குனிந்து பார்ப்பது, எல்லாம் இருந்தது.

"போன வெள்ளிக்கிழமை எடுத்தேன். யாருக்கும் காட்டல. கிம்பர்லிக்குக்கூடக் காட்டல" என்றார். "ஞாயித்துக்கிழமை அவளப் பொண்ணு பார்க்க வர்றாங்க. சர்ச்சுல தெரிஞ்ச குடும்பம். லிப்ட்டுகிட்ட நிக்கிறப்ப அவங்க அதப் படிப்பாங்கல்ல? நீயே அந்த நோட்டீசக் கிழிச்சிரு. கேட்டா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. போதும் லா."

நியாயமாகத்தான் கேட்டார். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் முப்பது வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

போனை வாங்கி இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் நெஞ்சைப் பிடித்தார். முகம் சாம்பல் நிறமாகி, வியர்த்துவிட்டது. இது என்ன என்று எனக்குத் தெரியும். முதலுதவிச் சான்றிதழை ஆறு முறை புதுப்பித்தவன் நான்.

"உட்காரணும் சேகர்" என்றார்.

கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்தேன். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டேன். இதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுப்பா."

அவர் போன் என் கையில் இருந்தது. என் போன் சட்டைப் பையில் இருந்தது. முதல் துளி என் கை மேல் விழுந்தது. கதவைச் சாத்தினேன். உறையை விரித்தேன். முன்னாலிருந்து பின்னால் இழுத்து, நான்கு பக்கமும் கொக்கியை மாட்டி, கீழே பட்டையை இறுக்கினேன். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் ஓரம் மடங்கித் தண்ணீர் உள்ளே போய்விடும். அது காற்றுப் புகும் துணி. மூச்சு முட்டியிருக்காது, அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

லிப்ட்டுக்கு நடந்தேன். அந்தக் கருவிப் பெட்டியைத் தாண்டித்தான் போனேன். பெட்டியின் கண்ணாடி சுத்தமாக இருந்தது. லிப்ட்டில் ஏறும்போது வீடியோவை அழித்தேன். முழுவதும் போய்விட்டதா என்று ஒருமுறை சரிபார்த்தேன்.

மழை முக்கால் மணி நேரம் பெய்தது. விட்டதும் கீழே போய் உறையை எடுத்து, அவருக்கு நாடி இல்லை என்று பார்த்து, போனை அவர் மடியில் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர் தானாகவே உள்ளே ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும், நான் கவனிக்காமல் மூடிவிட்டேன் என்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். அது உண்மை இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என நான் கேட்கவில்லை. வைத்த கேமராவை நகர மன்றம் எடுக்கவே இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிம்பர்லி வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அவள் அப்பாமீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இருந்ததில்லை. அவர் வேறொரு நாள் வந்து கேட்டிருந்தால், மழை இல்லாத ஒரு நாளில் கேட்டிருந்தால், நிதானமாகப் பேசியிருப்போம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் பாக்கி இருக்கிறது. வீட்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கீழே ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, பிறகு சின்னச் சின்னதாக இரண்டு.

"நம்ம கார் மாதிரி இருக்கே" என்றாள் சரஸ்வதி.

எழுந்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். மழையில் உறை ஓர் இடத்தில் மட்டும், உள்ளிருந்து யாரோ ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையால் தள்ளுவதுபோல, உப்பி உப்பி அடங்கியது. கொக்கிகளைப் பார்த்தேன். நான்கும் அசையவில்லை.

"நம்ம கார் இல்ல" என்றேன். ஜன்னலை மூடிவிட்டு வந்து டீயைக் குடித்தேன். சாரல் அடித்தது.

கூரையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை மேடம். உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள்.