மூன்றாவது ஆள்

அக்கா – ...இல்லடா, நீ சொல்றது பிப்ரவரி. நான் கேக்கறது மார்ச். ஒருத்தர் மாசாமாசம் முப்பத்தொண்ணாம் தேதின்னு ஒரு வேலையை நம்ம ஞாபகப்படுத்தற ஆப்ல போட்டு வைக்கிறார். பிப்ரவரியில அந்தத் தேதியே கிடையாது. நீ எழுதின கோட் என்ன பண்ணுது?

தம்பி – இருபத்தெட்டுக்குக் கொண்டுவருது.

அக்கா – சரி. மார்ச்ல?

தம்பி – முப்பத்தொண்ணுக்குத் திரும்பிடும். அதைத்தானே திருத்தியிருக்கேன்.

அக்கா – ஓட்டிப் பார்த்தியா?

தம்பி – ...பார்த்தேன்.

அக்கா – நான் இப்பத்தான் ஓட்டினேன். மார்ச்லயும் இருபத்தெட்டுலயே உக்காந்திருக்கு. ஏப்ரல்லயும் அங்கேயேதான். எழுந்திருக்கிற மாதிரியே தெரியல.

தம்பி – எந்த ஃபோன்ல ஓட்டினே?

அக்கா – ஃபோன் மேல பழியைப் போடாதே. வேலை முடிஞ்சதுன்னு டிக் பண்ணிட்டுப் பாரு. நீ டிக் பண்ணாமலே பார்த்திருப்பே.

தம்பி – இரு... ம்ம். ஆமா.

அக்கா – டிக் பண்ண உடனே பழைய தேதியை அழிச்சுட்டு புதுசை எழுதிடுது. அவர் முதல்ல கேட்டது முப்பத்தொண்ணுன்னு அதுக்கப்புறம் அதுக்கு எப்படித் தெரியும்?

தம்பி – அசல் தேதியைத் தனியா வச்சுக்கணும்.

அக்கா – அப்பாடா.

தம்பி – இதை ரெண்டு வரியில எழுதி அனுப்பியிருக்கலாம்ல. ஃபோன் பண்ணிதான் மானத்தை வாங்கணுமா?

அக்கா – நானா பண்ணேன்? 'படிச்சாப் புரியாது, பேசினாத்தான் புரியும்'னு நீதானே கூப்பிட்டே.

தம்பி – சரி சரி... அங்க என்ன சத்தம், டிராக்டர் ஓடற மாதிரி?

அக்கா – வாஷிங் மெஷின். ஒரு கால் சரியில்ல, சுத்தும்போது சமையலறை வரைக்கும் நடந்து வருது. அடியில அட்டையை மடிச்சு வச்சிருக்கேன்.

தம்பி – ஸ்பேனர் போட்டா சரியாயிடுமே.

அக்கா – போடறதுக்கு ஆள் வேணும்ல.

தம்பி – ...அம்மா?

அக்கா – தூங்கறாங்க.

தம்பி – கண்ணுக்குச் சொட்டு மருந்து...

அக்கா – போட்டாச்சு. நீ கோட் வேலையைப் பாரு.

தம்பி – பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அக்கா, அம்மா ஆபரேஷன் அன்னைக்கு நான் வேணும்னு...

அக்கா – அதைப் பேசறதுக்கு இந்த ஃபோன் இல்ல.

தம்பி – அன்னைக்கு ஆப் எல்லாரோட குறிப்பையும் அழிச்சுக்கிட்டிருந்தது. நான் அப்ப எழுந்து பஸ் பிடிச்சிருந்தா...

அக்கா – தெரியும்டா. நீ அவசரமா எழுதி அனுப்பின திருத்தத்துக்கு ஓகே குடுத்தது யாரு? நான்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல, மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு. 'நோயாளியோட பையன் வந்தாச்சா'ன்னு நர்ஸ் கேட்டுட்டுப் போறாங்க, நான் உன் பேரைத் திரையில பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

தம்பி – அங்க வச்சா ஓகே குடுத்தே?

அக்கா – எழுதறது ஒருத்தர்னா பார்த்து ஓகே குடுக்கறது இன்னொருத்தர். இருக்கறது நாம ரெண்டே பேர். வேற யார் குடுப்பா?

தம்பி – அன்னைலேருந்து நீ என்கிட்ட ஆப்ல இருக்கற தப்பு, அந்த 'பக்'கைத் தவிர வேற எதுவும் பேசறதில்ல.

அக்கா – இப்பவும் பக்தான் பேசறோம். ஆச்சா?

தம்பி – கொஞ்சம் இரு. இதை இன்னைக்கே வெளியிட்டாகணும். நம்ம ஆப்பை உபயோகிக்கற அந்தம்மா எழுதியிருந்ததைப் படிச்சியா?

அக்கா – மாமனாருக்கு ஊசியா?

தம்பி – ஆமா. மாசக் கடைசியில போடவேண்டியது. நம்ம ஆப் மூணு நாள் முன்னாடியே மணி அடிச்சிருக்கு. இவங்களும் நம்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மருந்துச் சீட்டுல இருந்த தேதியை யாரோ பார்த்ததால தப்பிச்சது. சீக்கிரம் போட்டிருந்தா பெரியவருக்கு ஆபத்தாம்.

அக்கா – அதோட கடைசி வரியையும் படிச்சியா?

தம்பி – ...'இலவசமாச் செய்யறீங்க, கோவிச்சுக்க முடியல'ன்னு.

அக்கா – அதைப் படிச்சதும் எனக்கு வெக்கமாப் போச்சு. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவல. இந்த பக்கை வேற ஒருத்தர் மழைக்காலத்துலயே சொல்லியிருக்கார், பார்த்தியா?

தம்பி – பார்த்தேன்.

அக்கா – நமக்குத் திருத்தம் எழுதி அனுப்பற அந்தப் பல் டாக்டர் அதைத் திருத்தியும் அனுப்பியிருக்கார். அப்பவே.

தம்பி – ...அதையும் பார்த்தேன்.

அக்கா – அந்த மனுஷன் ஒருத்தர் வாய்ல மரத்துப்போற ஊசி போட்டுட்டு, மரத்துப்போறதுக்குள்ள நம்ம பக்கைத் திருத்தறார். அசல் தேதியைத் தனியா எடுத்து வச்சிருக்கார், சோதிக்கறதுக்கும் வழி எழுதியிருக்கார். லீப் வருஷம் வரைக்கும் யோசிச்சிருக்கார்.

தம்பி – நல்லாத்தான் எழுதியிருக்கார்.

அக்கா – அப்புறம் நீ எதுக்குப் புதுசா எழுதினே? அதுவும் தப்பா?

தம்பி – அவரோடதை நீ பார்த்திருக்கேல்ல? நம்மள்ல யாராவது ஒருத்தர் ஓகே குடுத்தாப் போதுமே. நீ ஏன் குடுக்கல?

அக்கா – எனக்கு வீட்டுல வேலை இல்லையா?

தம்பி – எனக்கு மட்டும் ஆபீஸ் இல்லையா?

அக்கா – சரி, விடு. உன்னோடதைத் தூக்கிக் கடாசு. அவரோடதை இப்பவே சேர்த்துடறேன்.

தம்பி – சேர்த்துடு. என் மானம் போனாப் போகுது.

அக்கா – அது போய் ரொம்ப நாளாச்சு... சேர்த்தாச்சு. இன்னும் அவரோடது பதினோரு திருத்தம் காத்துக்கிட்டு நிக்குது. எல்லாம் வரிசையில, காலு வலிக்க.

தம்பி – ஆப்போட பொதுப் பக்கத்துல அவர் கேட்டிருக்கறதையும் பார்த்தேல்ல?

அக்கா – எதை?

தம்பி – நடிக்காதேக்கா. 'நானும் மூன்றாவது ஆளாகப் பொறுப்பெடுத்துப் பார்க்கிறேன் என்று இருவரிடமும் கேட்டுவிட்டேன். யாருக்கு நான் வேண்டாம் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்'. இத்தனை மரியாதையா ஒருத்தர் கேட்டா படிக்கவே கஷ்டமா இருக்கு.

அக்கா – அதுக்கு நீ என்ன பதில் போட்டே?

தம்பி – நான் இன்னும் போடல. நீ?

அக்கா – நானும் போடல.

தம்பி – உனக்கு அவர் வேண்டாமா?

அக்கா – நான் எப்ப வேண்டாம்னேன்? உனக்கு?

தம்பி – நான் ஒண்ணும் சொல்லலையே.

அக்கா – ஒண்ணும் சொல்லலன்னா சேர்த்திருக்கலாமே.

தம்பி – புது ஆளைச் சேர்க்க நாம ரெண்டு பேரும் சரின்னு போடணும். நீ போட்டா நான் போடலாம்னு...

அக்கா – நீ போட்டா நான் போடலாம்னு நானும்தான்.

தம்பி – கல்யாண வீட்டுல முதல் ஆளா சாப்பிடப் போகக் கூச்சப்படற மாதிரி இருக்கு.

அக்கா – சிரிக்காதே. ஒரு பெரியவர் உயிர் போயிருக்கும். மூணாவதா ஒரு ஆள் இருந்திருந்தா மழைக்காலத்துலயே இது சரியாயிருக்கும். நம்ம ரெண்டு பேர் கையிலயும் இது தாங்கல, தெரியுதா?

தம்பி – தெரியுது.

அக்கா – இப்பவே போட்டுடலாம். இழுக்க வேண்டாம்.

தம்பி – ம்ம்... நீ முதல்ல போடு. மூத்தவ.

அக்கா – இதுக்கு மட்டும் மூத்தவ ஞாபகம் வந்துடும். ...போட்டுட்டேன்.

தம்பி – ...

அக்கா – என்ன, நெட் போயிடுச்சா?

தம்பி – இல்ல... இருக்கு. நானும் போட்டுட்டேன்.

அக்கா – அவ்வளவுதான். இனிமே நீ எழுதறதை அவர் பார்ப்பார். நான் எழுதினாலும் அவரே பார்ப்பார். எதுவும் தேங்காது.

தம்பி – நீ என் ஃபோனை எடுக்கவேண்டிய அவசியமும் இருக்காது.

அக்கா – ...இருக்காது.

தம்பி – அக்கா, ஒண்ணு சொல்லணும். அவர் என்கிட்ட வந்து கேட்டப்போ... எனக்குச் சம்மதம்தான், எங்க அக்காதான் ஒத்துக்கலன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை இல்ல, கேட்டப்பல்லாம்.

அக்கா – தெரியும்டா. 'உங்களுக்கு என் மேல என்ன கோபம்'னு நேரா என்கிட்டயே வந்து கேட்டார் பாவம். கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், என் தம்பிதான் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்கறான்னு நானும் சொல்லி வச்சிருக்கேன்.