கை வைத்தால் அடங்கும்

பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே வயரைச் செருகிவிடக் கூடாது. முதலில் சும்மா மடியில் வைத்து ஒரு தந்தியைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரமாக இருந்தால் அதிர்வு விலா எலும்பில் தெரியும். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. நேரே ஆம்ப்ளிஃபயரில் போட்டு வாசித்துவிட்டு, ஜன்னல் கண்ணாடி ஆடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

கடைசியாக வாங்க வந்த நெட்டையர் அப்படி இல்லை. விஷயம் தெரிந்தவர். அவரைப் பற்றித்தானே கேட்டீர்கள், அதனால் இங்கிருந்து ஆரம்பித்தேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி கால் ஆடும், இதில் உட்காருங்கள். பின்னறையில் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். அது தம்பி.

அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பதினேழு. அப்பா அதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிப் போனவர். அம்மா இல்லாத அந்த முதல் வாரம் முழுக்க அவன் அழவில்லை. தொண்டைக்குள் ஒரு முனகல் மட்டும், நிற்காமல், வண்டு சுற்றுகிற மாதிரி. நான் வயிற்றில் கை வைத்தால் நின்றுவிடும். எடுத்தால் திரும்பவும் ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டம்மாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாயம்டி இது, நீ கை வெச்சா அடங்கிடுறானே" என்றார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நான் ரேடியோ தொழிற்சாலையில் வயர் பற்றவைக்கிற சால்டரிங் வேலைக்குப் போனேன். வேலை நல்ல வேலை. கை நடுங்காது எனக்கு, இன்றைக்கும். என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

பேஸ் கிட்டார் அவன் வாலிபத்தில் கைமாறி வந்தது. அவனைவிட வயதில் மூத்தது. முன்பு வைத்திருந்தவரின் முழங்கை உரசி வார்னிஷ் போன இடத்தில் இவன் முழங்கையும் சரியாகப் பொருந்தியது. எனக்காகவே அளவெடுத்த மாதிரி இருக்குக்கா என்றான். பேண்டில் அவனுக்குத் தூண் என்று பட்டப்பெயர். மற்றவர்கள் மேடையில் குதிப்பார்கள், இவன் ஒரே இடத்தில் நின்று வாசிப்பான். பயிற்சியெல்லாம் இந்தப் பின்னறையில்தான். வயர் விட்டுப்போனால், ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனால், நான்தான் சரிசெய்வேன். "அக்கா, இரையுது பாரேன்" என்று கூப்பிடுவான்.

மின்சாரத்தில் ஓடுகிற கிட்டார்களுக்கு ஒரு குணம் உண்டு. எர்த் வயர் சரியாக இருந்தாலும் கொஞ்சம் இரைந்துகொண்டே இருக்கும். தந்தியில் கை வைத்த உடனே அடங்கிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இதுவும் என்னை மாதிரிதான். கை வெச்சா அடங்குது."

ஒரே ஒரு தடவை நான் வேறு மாதிரி கை வைத்தேன். பதினெட்டு வயதில், வெளியூர் பேண்ட் ஒன்றோடு போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொரு கையில் சால்டரிங் அயர்ன் இருந்தது. சூடாக இருந்தது எனக்குத் தெரியாது. கை தவறியது. தழும்பு இன்னும் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டுப் போட்ட கையோடு வாசிக்க முடியாது, அந்தப் பேண்ட் போய்விட்டது. நான்தான் ஊட்டினேன். அந்த மாதம் நாங்கள் ரொம்ப நன்றாக இருந்தோம்.

பிறகு எங்கேயும் போகிறேன் என்று அவன் சொன்னதில்லை. ஐம்பது வயதில் படிக்கிற கண்ணாடி வாங்கப் போகிற வரைக்கும்.

ஒரு கண்ணாடிக்கு எத்தனை தடவை கடைக்குப் போவார்கள்? மூக்கில் சரியாக உட்காரவில்லை என்று போனான். காது வலிக்கிறது என்று போனான். கடையில் கண்ணாடி பொருத்திக் கொடுக்கிற பெண்ணை ஒருநாள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். குறை சொல்வதற்கில்லை, சாந்தமானவள். "அவர் வாசிச்சு நான் கேட்டதே இல்லைங்க, பேசித்தான் கேட்டிருக்கேன்" என்றாள். என் தம்பி அவளிடம் பேசுகிறான் என்பது எனக்குச் செய்தி. வீட்டில் அவன் சாப்பாட்டுக்கு வா என்றால் வருவான், அவ்வளவுதான்.

அவளுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்தது. இவன் ஒரு சாயங்காலம் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கிட்டாரை வித்துடலாம்னு இருக்கேன். தோள்பட்டை முடியலை. வாசிச்சது போதும்."

"சரி."

"இது ஒரு நல்ல கைக்குப் போனதும் நான் கிளம்பறேன். அவளோட."

"அவசரம் ஒண்ணுமில்லையே" என்றேன்.

"இல்லக்கா. கண்டவன்கிட்ட கொடுக்க மாட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. கிட்டார் போனால்தான் அவன் போவான். கிட்டார் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தந்திக்குப் போகிற எர்த் வயரைப் பிரித்துவிட்டேன். ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு கை வைத்தாலும் இரைச்சல் அடங்கவில்லை. வருகிறவர்கள் ஆசையாக மடியில் வைப்பார்கள், வயரைச் செருகுவார்கள், முகம் சுருங்கும். "அருமையான பீஸ்தான் சார், ஆனா இரையுதே." தம்பி என்னைக் கூப்பிடுவான். நான் தகட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும் என்பேன். அவனும் நம்பினான். வயர் விஷயத்தில் என்னை நம்பித்தான் அவனுக்குப் பழக்கம்.

அப்போதுதான் நெட்டையர் வந்தார். வாசற்படியில் தலை குனிந்து வர வேண்டிய ஆள், ஹோட்டலில் பாடிக்கொண்டே பேஸ் வாசிக்கிறவர். மடியில் வைத்தார். தட்டினார். மரத்தில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு செருகினார், இரைந்தது. சிரித்தார்.

"இதுக்கா எல்லாரும் ஓடிப் போனாங்க? எர்த் விட்டிருக்கு தூண் சார், அவ்வளவுதான்." அவரே தகட்டைக் கழற்றிப் பார்த்தார். வயரின் நுனியை விரலால் தடவினார். "இது தானா விடலையே. யாரோ பிரிச்சிருக்காங்க. நல்லா வேலை தெரிஞ்ச கை."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

நெட்டையர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். "ஆம்ப்ல போட்டு, பாடிக்கிட்டே வாசிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடறேன். மைக் இருக்கில்ல?" இருந்தது. பேண்டின் பழைய மைக் ஸ்டாண்டு அறையிலேயே நின்றது.

அன்று தம்பி என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. அவன் பக்கத்தில் வந்து நின்று, "நீயும் வந்துடேன்க்கா. அங்க உனக்குன்னு ஒரு ரூம் பாத்திருக்கோம்" என்றான்.

பாத்திருக்கோம். என்னை வைக்க ஓர் அறை. அவள் வீட்டில், அவள் சாவி போட்டுத் திறக்கிற வீட்டில். நான் சிரித்துக்கொண்டே, "யோசிக்கலாம்டா" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் எர்த் வயரை நானே திரும்பப் பற்றவைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாகச் செய்த இணைப்பு வேறில்லை. தம்பி வாசித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கை வெச்சதும் அடங்கிடுச்சு" என்று கத்தினான். அவனுக்குச் சந்தோஷம். தந்திக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தொடர்பு சரியாக இருந்தால்தான் நான் அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியும். ஞாயிறு காலையில், அவன் குளிக்கப் போனபோது, ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைக் கழற்றி மாட்டினேன். எந்த வயர் எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனிலிருந்து வந்த உங்கள் மின்சார ஆள் எழுதிக் கொடுத்திருப்பார். தந்தியை மட்டும் தொட்டால் ஒன்றும் தெரியாது, ரப்பர் செருப்பு போட்டிருந்தால். தந்தியில் ஒரு கையும் மைக்கில் உதடும் பட்டால்தான்.

பாடிக்கொண்டே வாசிக்கிறவர் நெட்டையர்தானே. அதனால் அவருக்காகச் செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். நானும் இத்தனை நாள் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வரத் தாமதமாகும் என்று போன் செய்தார். போனை எடுத்தது நான். தம்பியிடம் சொன்னேன். "அப்ப நான் சுருதி சேத்து வெச்சிடறேன்க்கா" என்றான். அது எனக்குத் தெரிந்ததுதான். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். சுருதி சேர்க்காமல் அவன் அந்தக் கிட்டாரை யார் கையிலும் கொடுத்ததில்லை. சேர்த்து முடித்ததும், பாடுகிறவனுக்காக, மைக்கில் வாயை வைத்துச் சரிபார்ப்பான். "செக். ஒண்ணு. ரெண்டு."

நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நாலு தந்தியும் சேர்ந்தது கேட்டது. அழகாகச் சேர்ந்தது. செக் கேட்டது. ஒண்ணு கேட்டது.

ரெண்டு வரவில்லை.

குழாயை மூடினேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது என்பது தொழிற்சாலையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தேன். விரல் இடுக்குகளையும் துடைத்தேன். பிறகு போய் மெயினை அணைத்தேன். நெட்டையர் காலிங் பெல்லை அழுத்தியபோது அது அடிக்கவில்லை. கதவைத் தட்டினார், நான்தான் திறந்தேன். அவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். பிளக்கைப் பற்றி உங்களிடம் சொன்னதும் அவர்தான் என்று தெரியும். எனக்குக் கோபமில்லை.

உயிர் இருக்கிறது. இதயம் நின்ற கொஞ்ச நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்றார்கள். கை கால் வராது. பேச்சு வராது. கிட்டார் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன். கண்ணாடிக்காரப் பெண் மாற்றலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாரம் தவறாமல் வருகிறாள். அவள் வந்தால் அவன் கண்ணில் தண்ணீர் வருகிறது. அவனைத் தொந்தரவு செய்யாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இனிமேல் அவன் எங்கும் போக மாட்டான். நான்தான் ஊட்டுகிறேன். இதற்காகத்தான் செய்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

கேட்கிறதா? ஆரம்பித்துவிட்டான். நான்கு வயதில் கேட்ட அதே முனகல். உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண் உங்களிடம் ஏதோ சொல்லியிருப்பாள். என்னிடமும் சொன்னாள். "நீங்க தொடும்போது அவர் மூச்சைப் பிடிச்சுக்கறார்மா. பயத்துல நிறுத்தற மாதிரி இருக்கு." நேற்று வந்தவள், அவளுக்கு என்ன தெரியும்.

உள்ளே வாருங்கள். நீங்களே பாருங்கள்.

இதோ, கை வைக்கிறேன்.