மூட்டைக்கு ஒரு கரண்டி

எனக்கு இன்றைக்கும் பல்லெல்லாம் சரியாக இருக்கிறது. வயது எண்பது தாண்டிவிட்டது, கரும்பு கடிப்பேன். உங்கள் அப்பா ஒருநாள் என் வாயைப் பார்த்துவிட்டு, "பாஸ், உங்களுக்கு விட்டமின் சி தேவையில்லை. எங்கட கொங்கிரீட்டுக்குத்தான் தேவை" என்றார். பகிடி விடுகிற ஆள். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் கேட்டு வந்தது ஒரு கேள்விதான். பாயிஸ் செத்தது உங்கள் அப்பா பொன்னுத்துரை இஞ்சினியரின் பிழையா என்று. சாகும்வரை அவர் அது தன் பிழை என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு கட்டடத்துக்கும் படம் கீறவில்லை என்கிறீர்கள். சரி. போனை மேசையில் வையுங்கள். ஒழுங்காகச் சொல்கிறேன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. கெலிஓயாவில் மர்சூக் ஹாஜியாருக்கு ஒரு மாடிக்கடை. படம் உங்கள் அப்பாவுடையது. மேசன் வேலைக்கு நான் பாஸ், கறுப்பையா பாஸ் என்றால் கலஹாவிலிருந்து கண்டி வரை தெரியும். பலகை அடித்து, கொங்கிரீட் இறுகும்வரை கீழே தாங்க முட்டுக் கொடுக்கிற வேலை பாயிஸுடையது. நல்ல தச்சன். வாய் மட்டும் ஓயாது.

அந்தக் காலத்தில் கொங்கிரீட்டை ரோட்டோரத்தில் கையால் குழைத்து, தாச்சியில் அள்ளி, தலையில் சுமந்து மேலே ஏற்றவேண்டும். கடைசித் தாச்சி வருவதற்குள் முதல் தாச்சி இறுகத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழும். மழைக்கு அந்தக் கோட்டால் ஒழுகும். அதற்குத்தான் உங்கள் அப்பா ஒரு டின்னில் வெள்ளைத்தூள் கொண்டுவந்தார். நக்கிப் பார்த்தேன், புளித்தது. விட்டமின் சி என்றார். சீமெந்தில் கொஞ்சம் கலந்தால் மெதுவாக இறுகும், இறுகினபிறகு பலமாக நிற்கும் என்றார். கூடிப்போனால் கனநாள் இறுகாமல் கிடக்கும், ஆனால் முட்டுகளை எடுக்காமல் பொறுத்திருந்தால் அதுவும் இறுகும் என்றார். இந்தக் கடைசிப் பேச்சை மறந்துவிடாதீர்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைத்தூளையும் கடுதாசியையும் நான் நம்புகிறதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் தலைவலிக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரே தூளைத்தான் தந்தார்கள். ஒரு கடுதாசியில் பெயர் பிழைத்துப்போனதென்று என் அண்ணனை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். படித்தவர்கள் எழுதுவார்கள், நாம்தான் அனுபவிப்போம்.

முதலில் பின்பக்கத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு அடித்தட்டு போட்டோம். உங்கள் அப்பா சட்டைப்பையிலிருந்து தேநீர்க் கரண்டி ஒன்றை எடுத்து, மூட்டைக்கு ஒன்றாகத் தன் கையாலேயே போட்டார். பாயிஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாஸ், செலாப்புக்குத் தடிமலா? மருந்து குடுக்குறாங்க?"

"ஒனக்கு ஏன்டா? நீ பலகைய அடி."

"இல்ல பாஸ், அதுக்குத் தும்மல் வந்தா நான்தானே கீழ ஈக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அப்பாவும் சிரித்தார்.

தட்டு நன்றாக வந்தது. கோடு இல்லை, ஒழுக்கு இல்லை. ஹாஜியார் அதில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். "இனி பாஸ் ஆணியால தட்டிப் பாக்குற காலம் முடிஞ்சு போச்சு" என்றார். அதுவரை நான் ஆணியால் தட்டிப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் ஒரு முட்டு கழலும். இருபது வருடம் அப்படித்தான். அதற்குப் பிறகு ஆட்கள் என்னை விட்டுவிட்டு, இஞ்சினியர் ஐயா எத்தனை நாள் என்றார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாடித் தளத்துக்குப் பெரிய சிலாப் போடுகிற கிழமையில் நீங்கள் பிறந்தீர்கள். உங்கள் அப்பா யாழ்ப்பாணம் போனார். போகும்போது ஒரு துண்டு எழுதித் தந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். மேல்வரி இது: மூட்டைக்கு ஒரு கரண்டி.

உங்கள் ஊரில் மேசன் பூசுகிற சாமானுக்குச் சாந்தகப்பை என்பார்கள். கரண்டி என்றால் உங்களுக்குச் சாப்பாட்டு மேசைதான் ஞாபகம் வரும். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு மேசன் கையிலிருப்பதும் கரண்டிதான். பாயிஸ் செத்தபிறகு நடந்த விசாரணையில் நான் அந்தத் துண்டைக் கொடுத்தேன். என் கரண்டியையும் மேசையில் வைத்தேன். "ஐயா கரண்டின்னு எழுதுனாரு. நான் கரண்டியாலதான் போட்டேன்" என்றேன். சிங்களத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், மொழிபெயர்ப்பாளருக்குக் கஷ்டமே இருக்கவில்லை. உங்கள் அப்பா எழுந்து நின்றார். "தேக்கரண்டி எண்டு எழுதியிருக்க வேணும். என்ர பிழைதான்" என்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கரண்டி என்று அவர் எதைச் சொன்னார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தேநீர்க் கரண்டியை என் கண்ணால் பார்த்திருந்தேனே. டின்னை வேறு ஒருவர் கையிலும் கொடுக்காமல், மூட்டைக்கு மூட்டை நானே என் கரண்டியால் அள்ளிப் போட்டேன். சிலாப் இறுகாமல் கிடந்தால் தூள் சரியில்லை என்று ஹாஜியார் கண்டுகொள்வார், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். யாரையும் கொல்ல நினைக்கவில்லை. அன்றைக்கு நினைக்கவில்லை.

சிலாப் போட்ட பதினான்காம் நாள் காலையில் மற்றவர்கள் வருமுன் போனேன். மேற்பக்கம் வெயிலில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. யார் பார்த்தாலும் இறுகிவிட்டது என்பார்கள். கீழே போய், பலகைச் சந்துக்குள் ஆணியை வைத்து விரலால் அழுத்தினேன். சவர்க்காரத்தில் இறங்குவதுபோல் இறங்கியது.

அப்போதுதான் உங்கள் அப்பாவின் பேச்சை யோசித்தேன். பொறுத்திருந்தால் இதுவும் இறுகும். இன்னும் ஒரு மாதம் விட்டால் நன்றாகவே இறுகிவிடும். பிந்தினாலும் தூள் நல்ல தூள்தான் என்று ஆகிவிடும். அவர் திரும்பி வந்து ஏறி நிற்பார். எல்லோரும் கீழே நின்று பார்ப்பார்கள்.

பாயிஸ் எட்டுமணிக்கு வந்தான். துண்டில் பதினாலு நாள் என்றிருக்கிறது என்று அவனுக்கும் சொல்லியிருந்தேன். இருந்தாலும் என்னிடம் வந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு ஆள் என்னிடம் வந்து கேட்டான்.

"பாஸ், ஐயாட கணக்கு செரிதான். எனக்கு உங்கட கண்ணுதான் கணக்கு. கழட்டவா? நீங்க ஒரு வார்த்த செல்லுங்க."

"கழட்டு" என்றேன்.

நடு முட்டுகளை அவன் வேறு யாரையும் தொடவிடமாட்டான். ஆபத்தான வேலை, தானே செய்வான். நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். மூன்றாவது முட்டு வரைக்கும் தட்டுகிற சத்தம் கேட்டது.

பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நானும் தோண்டினேன். கையால் அள்ளக்கூடியதாக இருந்தது. அவன் மனைவி றம்லத் வந்து, "பாஸ், நீங்க பாத்துத்தானே கழட்டச் செல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அது பொய் இல்லை.

அந்தத் துண்டில் கீழ்வரி ஒன்றும் இருந்தது. பதினாலு நாள் கழித்து, கறுப்பையா பாஸ் பார்த்துச் சரி என்றால் மட்டும் முட்டுகளைக் கழட்டவும். அந்த வரியை மட்டும் நான் விசாரணைக்கு முன்பே கிழித்து அடுப்பில் போட்டேன். தான் அப்படி எழுதியது உங்கள் அப்பாவுக்கு மறந்திருக்காது. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என்மேல் பழி வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. அது அவருடைய விருப்பம், நான் கேட்கவில்லை.

விழுந்த சிலாப்பைப் பின்வளவில் தள்ளியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து உடைக்க ஆள் வைத்தார்கள். சம்மட்டி எகிறியது. ஐம்பது வருட வேலையில் அப்படி இறுகின கொங்கிரீட்டை நான் கண்டதில்லை. உங்கள் அப்பாவின் தூள் நல்ல தூள். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், வேண்டுமானால் கையெழுத்தும் வைக்கிறேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடுதாசியில் பதினாலு நாள் என்றிருந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் இறுகிவிட்டது என்றார்கள். அது பச்சையாகக் கிடக்கிறது என்று அன்று காலை சரியாகச் சொல்லக்கூடியவன் அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.