ஜூன் ஒண்ணு

இல்ல அண்ணாச்சி, எட்டு இல்ல. எட்டு கோலு மொத ஆட்டத்துல, அமெரிக்காக்காரிய போட்டது. அடுத்தது மொராக்கோ, மூணு. கடைசில பிரேசில் அஞ்சு. ஆக மொத்தம் பதினாறு. நம்ம பிள்ளைய திருப்பிப் போட்டது ஒண்ணுகூட இல்ல. இருபத்திரெண்டாம் வருசம், புரட்டாசி முடியுதுக்குள்ள மூணு ஆட்டமும் முடிஞ்சு போச்சு. பதினேழு வயசுப் பிள்ளைய வெளாடுத கால்பந்து உலகக் கோப்ப. நம்ம நாட்டுல வச்சதுனால நம்மளயும் சேத்துக்கிட்டாவ.

டீக்கடையில டிவியப் பாத்துச் சிரிச்சானுவ. நான் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பிள்ளையளச் சொல்லக்கூடாது. முட்டு தேய ஓடிச்சுக.

எம்மவளா? வெளாடுனவதான். பிரித்திகான்னு பேரு. உங்க மவ இருக்க இதே மில்லு ஆஸ்டல்தான். ஞாயித்துக்கெழமதான பாக்க விடுதாவ, புதூர்லருந்து மொத பஸ்ஸுக்கு வந்துட்டேன். நமக்கு முன்னால இன்னும் நாலு பேரு இருக்காவ.

கோல் போடுத எடத்துலதான் நிப்பா. அந்த உலகக் கோப்பைக்கு ஆளு எடுக்கயில இவ பேரும் வந்துச்சு. ரெண்டாயிரத்து அஞ்சு ஜனவரி ஒண்ணுக்கு முன்னால பொறந்திருக்கக்கூடாதாம், சர்டிபிகேட்டப் பாத்தாவ. ஏழு மாசம் வயசு கூட, போயிட்டு வாம்மான்னுட்டாவ.

நெசத்துல அவளுக்கு வயசு கூடுதல் இல்ல அண்ணாச்சி. அவ பொறந்தது ரெண்டாயிரத்து அஞ்சு, தை ஒம்பது. சர்டிபிகேட்டுல நாலாம் வருசம் ஜூன் ஒண்ணு. ஏழு மாசமும் இருபத்தோரு நாளும் வித்தியாசம்.

வேற யாரு, நான் செஞ்ச வேலதான். எனக்கும் எம்பொஞ்சாதி ரெங்கம்மாளுக்கும் ஆடுதான் பொழப்பு. காலையில போனா பொழுதடையத்தான் வருவோம். பிள்ளைய எங்க விட? பள்ளிக்கூடமுன்னா மத்தியானச் சோறு உண்டு. நாலர வயசுகூட ஆகல, கூட்டிட்டுப் போனேன். ஆறுமுகசாமி சார்தான் ஹெட்மாஸ்டர். தலைக்கு மேல கையச் சுத்திக் காதத் தொடச் சொன்னாவ. எட்டல. ரெண்டு வெரக்கட கொறஞ்சுச்சு. நான் அவ தலைய இந்தா, இப்பிடிச் சாச்சு விட்டேன். தொட்டுட்டா. அஞ்சு முடிஞ்சிட்டான்னு கேட்டாவ. முடிஞ்சிட்டு சார்ன்னேன். வீட்டுல பொறந்த பிள்ள, சீட்டுகீட்டு கெடையாது. ஜூன் ஒண்ணுன்னு போட்டாவ. எங்கூருல பாதிப்பேரு ஜூன் ஒண்ணுலதான் பொறந்திருக்கோம்.

மாத்தியிருக்கலாம். நல்லாத்தான் கேக்குதீங்க. அவ ஒம்பதாங்கிளாஸ் படிக்கயிலயே சுதாராணி டீச்சர் சொன்னாவ. வெளாட்டு டீச்சர், கோவில்பட்டிக்காரவிய. பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட் அடிச்சு வருதுக்குள்ள மாத்திரணும், அப்பன்காரன் சேக்கயில தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தாப் போதும்னாவ. தலையச் சாச்சத நானே பாத்தேன், கையெழுத்துப் போடுதேன்னு ஆறுமுகசாமி சாரும் சொல்லிட்டாவ.

அதான்… டீச்சர் எங்கூருக்கு வந்த நேரம் அப்பிடி. நான் நாலாங்கிளாஸோட நின்னவன், ஆனா எண்ணிக்கையில பிசகமாட்டேன். எட்டு வீட்டு ஆட்டையும் ஒரே பட்டியில அடைப்போம், அன்னாடம் நான்தான் எண்ணணும். முத்துமணி எண்ணிட்டான்னா மறுக்கா எவனும் எண்ணமாட்டான். பட்டி வாசல்ல எண்ணிக்கிட்டு நிக்கேன், ஆட்டுக்காரனுவ அம்புட்டுப் பேரும் சுத்தி நிக்கான். அங்கன வந்து டீச்சர் கேக்காவ, பெரியவரே, பிள்ள வயசக் கூட்டிச் சொல்லிட்டீங்களாமேன்னு. வேல்ராஜுன்னு ஒருத்தன், வாய் அடங்காதவன். என்ன மாமா, ஊரு ஆடெல்லாம் எண்ணுதீரு, பெத்த பிள்ளைய எண்ணத் தெரியலயான்னான். அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டானுவ.

எழுதியிருக்க தேதி சரிதான்னேன்.

டீச்சர் நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாவ. சரிதான்னேன். திரும்பவும் கேட்டாவ. மூணு தடவ. மூணு தடவயும் சரிதான்னேன். ரெங்கம்மா இருந்தா என் வாயில போட்டிருப்பா. அவ போயி அப்பவே ரெண்டு வருசம் ஆயிட்டு.

நாலாவது தடவ டீச்சர் கேக்கல. பொறத்தால நின்ன எம்மவதான் அவிய கையப் பிடிச்சு இழுத்தா. வாங்க டீச்சர், போவோம், எங்கப்பா சொன்னா கணக்குத் தப்பாதுன்னா.